ஜெனரேட்டர் வாங்கறதா, நாமளே கட்டறதா? தாத்தாவோட ஆயில் இன்ஜினை வெச்சு நான் போட்ட கணக்கு

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16. நடு ராத்திரிக்கு மேல வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, விடியறதுக்குள்ள பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் இருந்த தென்னந்தோப்பையெல்லாம் ஒரே பக்கமா படுக்கப் போட்டுட்டுப் போயிடுச்சு, கரன்ட் போஸ்ட்டும் கூடவே. எங்க தெருவுக்கு மறுபடி கரன்ட் வர 22 நாள் ஆச்சு. லைட்டு இல்லாம இருந்துடலாங்க, ஃபேன் இல்லாட்டி கூட நவம்பர் மாசம்தானேன்னு சமாளிச்சுடலாம், ஆனா போர் மோட்டார் ஓடலன்னா டேங்குல தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னா வீடே நாறிடும். குட்டியானைல ஒரு ஜெனரேட்டரை ஏத்திக்கிட்டு தெருத்தெருவா வருவாங்க, ஒரு டேங்க் ரொப்ப 500 ரூபா, அதுக்கும் வரிசை, நம்ம முறை வரதுக்குள்ள அவங்க டீசல் தீந்துடும்.

அப்ப எங்க வீட்டுல சும்மா படுத்துக் கிடந்தது தாத்தாவோட 5 எச்பி ஆயில் இன்ஜின். விவசாயத்துக்கு இலவச கரன்ட் வந்து, எங்க வயலுக்கும் சர்வீஸ் கிடைச்சதுக்கு அப்புறம் அதுக்கு வேலையே இல்ல, கொட்டாய்ல மூலைல கிடந்துச்சு, மேல கோழி ஏறி உக்காரும். "இன்ஜினு இருக்கு, டைனமோ ஒண்ணு மாட்டுனா கரன்ட்டு வந்துட்டுப் போவுது"ன்னு அப்பாயி அசால்ட்டா சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைல ஆரம்பிச்சு நான் அலைஞ்சு திரிஞ்சு, ரெடிமேட் பாத்து, சோலார் பாத்து, யூடியூப் பாத்து, லேத்து பட்டறைல உக்காந்து, கடைசியா ஒரு முடிவுக்கு வந்தேன். இதே யோசனைல இருக்கறவங்களுக்கு அந்தக் கணக்கு உதவும்னுதான் எழுதறேன்.

முதல்ல என்ன ஓட்டப் போறோம்னு பாக்கணும். நிறைய பேர் வீட்டுல இருக்கற எல்லா வாட்டையும் கூட்டி, "எனக்கு 2000 வாட் வருது, 2 கேவிஏ போதும்"னு முடிச்சுடறாங்க (கேவிஏங்கறது ஜெனரேட்டர் எவ்ளோ லோடு தாங்கும்ங்கற அளவு). அது தப்பு. எங்க வீட்டுக் கணக்கு இது: பழைய ஃபேன் 3, ஒண்ணு 75 வாட், ஆக 225. எல்இடி பல்பு 8, ஒண்ணு 9 வாட், 72. சின்ன ஃப்ரிட்ஜ் ஓடறப்போ 120 போல. டிவி, வைஃபை, செல்போன் எல்லாம் சேத்து ஒரு 100. மொத்தமே 500 வாட்டைச் சுத்திதான் வருது. இதுல தனியா நிக்கறது போர்ல இருக்கற 1 எச்பி சப்மெர்சிபிள். 1 எச்பின்னா 746 வாட்டுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்ல, அது ஷாஃப்ட்டுல வர்ற சக்தி, மோட்டார் இழுக்கறது 1200 வாட் பக்கம், 6, 7 ஆம்பியர். அதுவும் ஓட ஆரம்பிச்ச அப்புறம். ஸ்விட்ச் போட்ட அந்த நொடில அதைப் போல 5, 6 மடங்கு இழுக்கும், 30 ஆம்பியருக்கு மேல. அரை செகண்டுதான், ஆனா அந்த அரை செகண்டுல ஜெனரேட்டர் மூச்சு முட்டி உக்காந்துச்சுன்னா மோட்டார் சுத்தாம உறுமிட்டே நிக்கும், அப்படியே விட்டா காயில் கருகிடும். அதனால உங்க வீட்டுல பெரிய மோட்டார் எது, அது ஸ்டார்ட் ஆகறப்போ எவ்ளோ இழுக்கும், இதுதான் முதல் கேள்வி. மத்ததெல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்.

மோட்டாரே இல்லாத வீடுன்னா, உதாரணத்துக்கு மேல் மாடில வாடகைக்கு இருக்கீங்க, தண்ணி ஹவுஸ் ஓனர் பாத்துக்கறார்னா, உங்களுக்கு ஜெனரேட்டரே வேண்டாம். ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும். இதோட படிக்கறதை நிறுத்திக்கலாம், தப்பில்ல.

சரி, மோட்டார் இருக்கு. முதல் வழி கடைல போய் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறது. நல்ல கம்பெனி 2 கேவிஏ நான் விசாரிச்சப்போ 70 ஆயிரத்துக்கு மேல சொன்னாங்க, பேர் தெரியாத செட்டு அதுல பாதிக்கு வந்துச்சு. நல்லது என்னன்னா தலைவலி இல்ல, கயிறை இழுத்தா ஓடும், வாரன்ட்டி இருக்கு, ரெண்டு பேர் தூக்கிட்டுப் போய் எங்க வேணா வெச்சுக்கலாம். ஆனா மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை நம்பாதீங்க. பெருசா போட்டிருக்கறது மேக்ஸிமம், தொடர்ந்து தாங்கறது என்னன்னு ஓரமா பொடி எழுத்துல இருக்கும், அதைத்தான் பாக்கணும். இன்னொண்ணு, இந்தச் சின்ன செட்டு பெரும்பாலும் 2 போல் (உள்ள ரெண்டு காந்த முனை), அதாவது நம்ம வீட்டு கரன்ட்டோட அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் வரணும்னா 3000 ஆர்பிஎம்ல, நிமிஷத்துக்கு 3000 சுத்து, கத்திக்கிட்டே ஓடணும். சத்தத்துக்கு சத்தம், தேய்மானத்துக்கு தேய்மானம். வேகத்தைத் தானே கூட்டிக் குறைச்சுக்கற இன்வெர்ட்டர் டைப் ஜெனரேட்டர் இருக்கு, சத்தம் கம்மி, பெட்ரோல் கம்மி, கம்ப்யூட்டருக்கெல்லாம் தங்கமான கரன்ட், ஆனா மோட்டார் ஸ்டார்ட்டிங் இழுப்புக்கு அதுங்க ரொம்ப மென்மை, ஓவர்லோடு லைட் போட்டுட்டு கட் ஆகிடும். அப்புறம் பெட்ரோல். வருஷத்துல 10 நாள் ஓட்டிட்டு மீதி நாள் மூடி வெக்கற சாமானுக்குள்ள பெட்ரோலை விட்டு வெச்சா கார்புரேட்டர் ஜெட்டு பிசின் பிடிச்சு அடைச்சுக்கும், இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, அது ஈரத்தை இழுக்கும். புயல் அன்னிக்கு கயிறை இழுத்து இழுத்து தோள்பட்டை போனதுதான் மிச்சம்னு சொன்ன பக்கத்துத் தெரு ஆளை எனக்குத் தெரியும். ஓட்டி முடிச்சதும் பெட்ரோல் காக்கை மூடி, இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டுட்டு வெச்சா இந்தப் பிரச்சனை பெரும்பாலும் வராது.

ரெண்டாவது வழி நான் செஞ்சது, இருக்கற இன்ஜின்ல டைனமோ கட்டறது. அதைக் கொஞ்சம் விரிவா அப்புறம் சொல்றேன், முதல்ல நான் யோசிச்சு விட்ட வழிகளை முடிச்சுடறேன்.

கார் ஆல்டர்நேட்டர் வழி. யூடியூப்ல இதுதான் ஜாஸ்தி. சின்னதா ஒரு பெட்ரோல் இன்ஜின், பெல்ட் போட்டு பழைய மாருதி ஆல்டர்நேட்டர், அது 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் பண்ணும், பேட்டரில இருந்து இன்வெர்ட்டர். இதுல ஒரு அழகு இருக்கு, ஆர்பிஎம் கரெக்டா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஏறி இறங்கினாலும் ரெகுலேட்டர் 14 வோல்ட் சுமாரா நிறுத்திடும், 50 ஹெர்ட்ஸ் பாத்துக்கறது இன்வெர்ட்டர் வேலை. என் மச்சான் வெல்டிங் வேலை பாக்கறவர், அவர்தான் ஆர்வமா ஒண்ணு கட்டினார். இன்ஜின் ஓடுது, ஆல்டர்நேட்டர் சுத்துது, கரன்ட் பூஜ்யம். ஒரு நாள் பூரா பெல்ட்டை இறுக்கி இறுக்கிப் பாத்தார். கடைசில கார் எலக்ட்ரீசியன் ஒருத்தர் வந்து சிரிச்சுட்டு, ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை பேட்டரிக்கும் ஆல்டர்நேட்டரோட சின்ன டெர்மினலுக்கும் நடுவுல மாட்டினார், உடனே சார்ஜ் ஏற ஆரம்பிச்சுது. கார் டேஷ்போர்டுல சாவி போட்டதும் பேட்டரி படம் போட்டு ஒரு செவப்பு லைட் எரியும்ல, அது வெறும் எச்சரிக்கை லைட் இல்லங்க, அது வழியா போற கொஞ்சூண்டு கரன்ட்தான் ஆல்டர்நேட்டரை முதல்ல எழுப்பி விடுது. அது தெரியாம பல பேர் நல்ல ஆல்டர்நேட்டரைத் தூக்கி பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க. இன்னொண்ணு, ஓடிட்டு இருக்கறப்போ பேட்டரி வயரைக் கழட்டிடாதீங்க, வோல்டேஜ் எகிறி உள்ள டயோடு போயிடும்.

ஆனா இந்த வழி எனக்கு ஒத்து வரல. 50 ஆம்பியர் ஆல்டர்நேட்டர்னா 14 வோல்ட்டுல 700 வாட், அதுவும் காத்தோட்டத்துல, நல்ல வேகத்துல சுத்தினாத்தான், நின்ன இடத்துல மணிக்கணக்கா ஓட்டினா சூடேறி அவ்ளோ தராது. எஃபிஷியன்சி பாதியைச் சுத்தித்தான், இன்ஜின் தர்ற சக்தில பாதி அங்கயே சூடா போயிடுது, அப்புறம் பேட்டரில கொஞ்சம், இன்வெர்ட்டர்ல கொஞ்சம். அதை விட முக்கியமா பேட்டரி குடிக்கற வேகம். வீட்டுல இருக்கற 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் பேட்டரிக்கு 15 ஆம்பியர், மிஞ்சிப் போனா 25 ஆம்பியர்ல சார்ஜ் போடலாம், நீங்க 60 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் வெச்சாலும் ஈய பேட்டரி அதை வாங்காது. லித்தியம் வாங்கும், ஆனா அது இழுக்கற இழுப்புல ஆல்டர்நேட்டர் வெந்துடும். கடைசியா, இவ்ளோ செஞ்சும் 1 எச்பி மோட்டாரை அந்த வீட்டு இன்வெர்ட்டர் தூக்காது. செல்போன், லைட்டு, ஃபேனுக்கு மட்டும்னா சரி, மச்சான் இப்பவும் கோயில் திருவிழால சீரியல் செட்டுக்கு அதைத்தான் வெச்சிருக்கார்.

பழைய 3 ஃபேஸ் மோட்டாரை ஜெனரேட்டரா மாத்தறது. இது உண்மையிலேயே வேலை செய்யும், ஏமாத்து இல்ல. சாதாரண இண்டக்ஷன் மோட்டாரை இன்ஜினால கொஞ்சம் கூடுதல் வேகத்துல சுத்தி, கரெக்டான கெப்பாசிட்டர் போட்டா கரன்ட் வரும். பிரஷ் இல்ல, கெட்டுப் போக ஒண்ணுமில்ல. மலைப் பக்கம் ஓடைத் தண்ணில சின்னச் சின்ன டர்பைன் வெக்கறவங்க இதைத்தான் பயன்படுத்தறாங்க, அங்க லோடு மாறாம ஒரே அளவா வெச்சுக்கறாங்க. நம்ம வீட்டுல மோட்டார் போடறப்போ என்ன ஆகும்னா, ஸ்டார்ட்டிங் இழுப்புல வோல்டேஜ் பொத்துனு விழும், விழுந்தா காந்தம் போயிடும், காந்தம் போனா கரன்ட் சுத்தமா நின்னுடும். எங்க தேவையே மோட்டார்தான், அதனால இது கதைக்கு ஆகல.

ஸ்கூட்டர் இன்ஜின் வெச்சு கட்டலாமான்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில், கவர்னர். லோடு ஏறினா தானா எண்ணெயைக் கூட்டி வேகத்தைப் பிடிக்கற கவர்னர் இல்லாத இன்ஜின் ஜெனரேட்டர் ஆகாது, ஃப்ரிட்ஜ் ஆஃப் ஆகறப்போல்லாம் யாராவது ஆக்ஸிலேட்டர்ல கை வெச்சுட்டு நிக்கணும். டிராக்டர் வெச்சிருக்கறவங்களுக்கு பின்னாடி சுத்தற பிடிஓ ஷாஃப்ட்டுல மாட்டற டைனமோ வருது, நல்ல சாமான், ஆனா ஒரு டேங்க் தண்ணிக்கு 40 எச்பி டிராக்டரை ஓட்டறது எறும்பு கடிச்சதுக்கு உலக்கையால அடிக்கற மாதிரி.

அப்புறம் அந்த ஃப்ரீ எனர்ஜி வீடியோ. மோட்டார் டைனமோவைச் சுத்துமாம், டைனமோல இருந்து வர்ற கரன்ட்ல மோட்டார் ஓடுமாம், மிச்சத்துல வீட்டு லைட் எரியுமாம். கணக்கு போட்டுப் பாருங்க, சின்ன மோட்டார் 100 வாங்கினா 80 தரும், அந்த 80ஐ வாங்கற டைனமோ 64 தரும், பெல்ட்டுல ஒரு 3 போயிடும். 100 போட்டா 61 திரும்பி வருது, இதுல எங்க மிச்சம். மேஜைக்கு அடியில ஒரு வயர் போகும், அவ்ளோதான் விஷயம். இதுக்குன்னு பெரிய வீல், ஃப்ளைவீல்னு 40 ஆயிரம் செலவு பண்ணவரை நான் நேர்ல பாத்திருக்கேன், அவர்கிட்ட வாதாட முடியாது, விட்டுடுங்க.

சோலார். இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. 2024ல வந்த பிஎம் சூர்ய கர் மானியத்துல, 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் வரைக்கும் கிடைக்குதே, அதுல வீட்டு மேல போடறது பெரும்பாலும் ஆன் கிரிட், அதாவது இபி லைனோட சேத்துக் கட்டினது. இபி கரன்ட் போனா அதுவும் தானா நின்னுடும், நட்ட நடு மத்தியானம் வெயில் கொளுத்தினாலும் சரி. லைன்ல வேலை பாக்கற லைன்மேன் மேல நம்ம மாடி கரன்ட் பாயக் கூடாதுன்னு அப்படித்தான் செய்யறாங்க. பில்லு குறைய அது நல்லது, புயலுக்கு உதவாது. பேட்டரி வெச்ச ஆஃப் கிரிட், ஹைப்ரிட்னா ஓடும், நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும். ஆனா 1 எச்பி மோட்டாரை ஸ்டார்ட் பண்ற அளவுக்கு இன்வெர்ட்டர், பேட்டரின்னு போனா லட்சத்தைத் தாண்டுது, அதுவும் புயலுக்கு அடுத்த நாலு நாள் வானம் மூடிக்கிட்டுத்தான் இருக்கும், நமக்குத் தேவைப்படற நேரத்துல பாத்து கம்மியா தரும். கைல காசு இருக்கறவங்க போடலாம், தினமும் உபயோகம் ஆகுதுல்ல. எனக்கு அப்ப காசு இல்ல.

இப்ப நம்ம ஆயில் இன்ஜினுக்கு வரேன்.

தண்ணி ஊத்தி ஓடற ஒத்தை சிலிண்டர் டீசல், பிளேட்டுல 5 எச்பி, 1500 ஆர்பிஎம்னு அடிச்சிருக்கு. இன்ஜினியரிங் காலேஜ் தெர்மல் லேப்ல பயோ டீசல் ஆராய்ச்சின்னு ஓட்டுவாங்களே, 553 சிசி கிர்லோஸ்கர் ஏவி1, கிட்டத்தட்ட அதே ஜாதி. 5 எச்பின்னா 3.7 கிலோவாட். பெல்ட்டுல கொஞ்சம் போயி, சின்ன சிங்கிள் ஃபேஸ் டைனமோவோட எஃபிஷியன்சி 78 சதவீதம்னு வெச்சா 2.7, 2.8 கிலோவாட் கரன்ட் கைக்கு வரும். பட்டறைல இதை "ஒரு கேவிஏவுக்கு ரெண்டு எச்பி"ன்னு ஒரே வரில சொல்லிடுவாங்க. அதனால 3 கேவிஏ டைனமோ பாத்தேன், 4 போல், ஏவிஆர் (வோல்டேஜைத் தானா ஒரே அளவுல நிறுத்தற சாமான்) வெச்சது, பழசுதான் ஆனா காயில் புதுசா கட்டினது, 14 ஆயிரம். 5 கேவிஏ ஒண்ணும் 3 ஆயிரம் கூடக் குடுத்தா கிடைச்சிருக்கும், இன்னிக்கு யோசிச்சா அதை வாங்கியிருக்கணும், இன்ஜின் சக்தி கூடாதுன்னாலும் மோட்டார் ஸ்டார்ட்டிங்ல வோல்டேஜ் அவ்ளோ இறங்காது.

நான் பண்ண தப்பு புல்லில. இன்ஜின் 1500, டைனமோ 1500, ரெண்டுக்கும் சமமா 8 இன்ச் புல்லி போதும்னு லேத்துல சொல்லிட்டேன். சி சேனல்ல பெட்டு அடிச்சு, ரெண்டையும் உக்கார வெச்சு, ரெண்டு பி செக்ஷன் பெல்ட் போட்டு, புல்லி நேரா இருக்கான்னு நூல் புடிச்சுப் பாத்து, மேல இருக்கற லீவரைத் தூக்கி விட்டு ஹாண்டிலைச் சுத்தி, வேகம் ஏறினதும் லீவரை விட்டா டக் டக்னு பிடிச்சுடுச்சு, கொட்டாய் பூரா கரும்புகை, அப்பாயி முகத்துல தாத்தாவே எழுந்து வந்த மாதிரி ஒரு சிரிப்பு. மல்டிமீட்டர் வெச்சா வோல்டேஜ் 4 காட்டுது. 230 இல்ல, 4. ரொம்ப நாள் சும்மா கிடந்த டைனமோவுக்கு உள்ள இருக்கற மிச்ச சொச்ச காந்தம் போயிடும், அது இருந்தாத்தான் முதல் கரன்ட்டே பிறக்கும். காயில் கட்டினவருக்குப் போன் அடிச்சேன், அவர் வந்து இன்ஜினை நிறுத்தி, ஏவிஆர் வயரைக் கழட்டிட்டு, பைக் பேட்டரில பிளஸ் மைனஸ் பாத்து, உள்ள காந்தத்தை உண்டாக்கற ஃபீல்டு காயில் வயர்ல ரெண்டு செகண்டு தொட்டு எடுத்தார். மறுபடி மாட்டி ஓட்டினா 228. "அதுக்குத் தூக்கம் தம்பி, தட்டி எழுப்புனா போதும்"னு சொல்லிட்டு 200 ரூபா வாங்கிட்டுப் போயிட்டார்.

ஆனா ஹெர்ட்ஸ் 43. 4 போல் டைனமோல ஹெர்ட்ஸை 30ஆல பெருக்கினா ஆர்பிஎம், அப்ப 1290தான் ஓடுது. தாத்தா எந்தக் காலத்துலயோ கவர்னர் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வெச்சிருக்கார், டீசல் மிச்சம் பண்ண. வோல்டேஜ்தான் சரியா வருதே, ஹெர்ட்ஸ் போனா போகட்டும்னு அப்படியே ஓட்டினா, ஏவிஆர் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஃபீல்டுல கரன்ட்டை ஏத்திக்கிட்டே இருக்கும், டைனமோ சூடாகி கொஞ்ச நாள்ல ஏவிஆரோ காயிலோ போயிடும், ஃப்ரிட்ஜுக்கும் ஆகாது. ஸ்பிரிங்கை இறுக்கி 1500க்குக் கொண்டு போனேன், இன்ஜின் பெட்டோட சேந்து குதிக்குது, அந்த வயசுக்கு அது வேண்டாம்னு பட்டுச்சு. அதனால வேகத்தை அப்படியே விட்டுட்டு இன்ஜின் பக்கம் 10 இன்ச் புல்லி மாத்தினேன். 1290ஐ 10ஆல பெருக்கி 8ஆல வகுத்தா 1612, பெல்ட் வழுக்கல் 2 சதவீதம் போனா 1580, அதாவது லோடு இல்லாம 52.7 ஹெர்ட்ஸ். லோடு ஏறினதும் கவர்னர் கொஞ்சம் இறங்கும், மோட்டார் ஓடறப்போ 50க்கு மேல கீழ நிக்குது. இப்படித்தான் வெக்கணும், காலியா ஓடறப்போவே 50 வெச்சீங்கன்னா லோடுல 47க்கு வந்துடும். வேகம் கம்மியானதால இன்ஜின் சக்தியும் கம்மி, 4.3 எச்பி, கரன்ட்டா 2.4 கிலோவாட், 3 கேவிஏ டைனமோவுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி ஆயிடுச்சு.

முதல் தடவை போர் மோட்டார் போட்டப்போ கேட்ட சத்தம் இருக்கே. டக் டக் டக்னு ஓடிட்டு இருந்த இன்ஜின் ஒரு நொடி தம் கட்டி, டொக்... டொக்னு அமுங்கி, பல்பு பழுப்பா மங்கி, நான் போச்சுடான்னு நினைக்கறதுக்குள்ள ஒரு குபுக் புகையோட மறுபடி எழுந்து நின்னுச்சு, மாடில டேங்குல தண்ணி விழற சத்தம். அந்த ஒரு நொடியைத் தாண்ட வெச்சது அந்தப் பெரிய ஃப்ளைவீல். ரெடிமேட் சின்ன செட்டுல அவ்ளோ வெயிட்டு கிடையாது. இந்த ஒரு விஷயத்துல பழைய ஆயில் இன்ஜினை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ஒழுங்கு முறை வேணும், மோட்டார் போடறப்போ ஃப்ரிட்ஜு, மத்ததெல்லாம் ஆஃப்ல இருக்கணும், மோட்டார் ஓட ஆரம்பிச்ச அப்புறம் ஒண்ணொண்ணா சேக்கணும்.

செலவு: டைனமோ 14,000, புல்லி, பெல்ட் எல்லாம் சேத்து (தப்பா போட்ட புல்லியும் உள்பட) 3,200, சேனலும் வெல்டிங்கும் 2,800, இன்ஜினுக்கு ரிங், கேஸ்கெட், நாசில் 6,500, சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (இபி, ஜெனரேட்டர் ரெண்டுல ஒண்ணை மட்டும் வீட்டுக்கு விடறது) 1,400, எம்சிபி, வயர், எர்த் கம்பி 1,900. ஆக 29,800. மச்சான் கூலி வாங்கல, அதைச் சேக்கல, ஆனா அவர் சாப்பிட்ட கறிக்குழம்புக் கணக்கும் சேக்கல. இன்ஜினே இல்லாம, அதையும் விலை குடுத்து வாங்கி இதைக் கட்டணும்னா ரெடிமேட் விலைக்கே வந்துடும், அப்படின்னா கட்டாதீங்க, கடைக்குப் போயிடுங்க. வீட்டுல இன்ஜின் சும்மா கிடக்கு, பக்கத்துல ஒரு லேத்தும் காயில் கட்டறவரும் இருக்காங்க, உங்களுக்கும் கையில கிரீஸ் ஆக்கிக்கற ஆசை இருக்கு, இந்த மூணும் சேந்தாத்தான் நாமளே கட்டறது லாபம். அப்பார்ட்மென்ட்டுல இருக்கறவங்க யோசிக்கவே வேண்டாம், 250 கிலோவுக்கு மேல வெயிட்டு, கட்டடமே ஆடும்.

ஓட்டற செலவுதான் கண்ணைத் திறந்துச்சு. ஃபுல் லோடுல மணிக்கு 1 லிட்டர் டீசல், லிட்டர் 92ன்னு வெச்சா யூனிட்டுக்கு 38 ரூபா. அதே இன்ஜினை ராத்திரி பூரா வெறும் ஃபேனுக்கும் லைட்டுக்கும் 500 வாட்டுல ஓட்டினா அரை லிட்டராவது குடிக்கும், யூனிட் 90 ரூபாயைத் தாண்டிடும், அரைகுறை லோடுல நாள் கணக்கா ஓடினா சைலன்ஸர்ல கரி வேற சேரும். பெட்ரோல் செட்டுல 1.5 கிலோவாட்டுக்கு மணிக்கு 1 லிட்டர்னா யூனிட் 67. ஆக ஜெனரேட்டர் எதுவா இருந்தாலும் கொஞ்ச நேரம், நல்ல லோடுல ஓட்டி நிறுத்தற சாமான். நாங்க இப்ப செய்யறது, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஓட்டுவோம், டேங்க் ரொம்பும், ஃப்ரிட்ஜ் ஜில்லாகும், அப்பாயி மிக்ஸில மாவு அரைச்சுப்பாங்க, கூடவே இன்வெர்ட்டர் பேட்டரி ஏறும். ரெண்டு மணி நேரத்துல 15 ஆம்பியர்ல 30 ஏஎச்தான் ஏறும், நஷ்டம் போக 300 வாட் அவர். பழைய ஃபேன் ரெண்டு ஓட்டினா ரெண்டு மணி நேரம். அதையே கரன்ட் கம்மியா இழுக்கற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ரெண்டா மாத்தினதும் 5 மணி நேரம் ஆச்சு. இவ்ளோ கூத்துக்கும் நடுவுல ரொம்பக் கம்மி செலவுல அதிகப் பலன் தந்தது அந்த ஃபேன்தான், கடுப்பா இருந்துச்சு.

இன்வெர்ட்டர் சம்பந்தமா ஒண்ணு, ஜெனரேட்டர் ஓடுது ஆனா இன்வெர்ட்டர் பேட்டரில இருந்தே எடுத்துக்கிட்டு இருக்குன்னா பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை சாதாரண மோடுக்குத் தள்ளுங்க. யூபிஎஸ் மோடுல அது கரன்ட்டோட தரத்துல ரொம்ப கறார், நம்ம ஆயில் இன்ஜின் கரன்ட்டை மதிக்காது.

இதுல பேசியே ஆக வேண்டியது சேஞ்ச் ஓவர். எந்த வழி போனாலும் சரி, ரெண்டு பக்கமும் பின்னு வெச்ச வயரை பிளக் பாயின்ட்டுல சொருகி வீட்டுக்குக் கரன்ட் விடற வேலை மட்டும் வேண்டாம். மெயினை ஆஃப் பண்ண மறந்தீங்கன்னா உங்க 230 வோல்ட் தெரு லைனுக்குப் போயி, டிரான்ஸ்ஃபார்மர்ல தலைகீழா ஏறி, அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டா நிக்கும், போஸ்ட் மேல ஏறி இருக்கற லைன்மேன் கரன்ட் இல்லன்னு நம்பிக் கம்பியைத் தொடுவார். கஜா சமயத்துல வெளி மாவட்டத்துல இருந்தெல்லாம் வந்து வேலை பாத்தாங்க அவங்க. ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் மாத்தற சேஞ்ச் ஓவர் 1,400 ரூபாதான். ஜெனரேட்டர் பாடிக்கு எர்த் கம்பி அடிச்சுடுங்க. புகை வெளில போற மாதிரி வைங்க, மழை அடிக்குதுன்னு வீட்டுக்குள்ள, மாடிப்படிக்குக் கீழ வெச்சு ஓட்டினா கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாம ஆளைத் தூக்கிடும், தூங்கினவங்க எழுந்திரிக்க மாட்டாங்க. தண்ணி நிக்கற ஊர்னா மேடை கட்டி மேல ஏத்துங்க, 2015லயும் 2023லயும் சென்னைல பாத்தோமே, கீழ் தளத்துல வெச்சதெல்லாம் முதல் ஆளா முங்கிடுச்சு.

மாசம் ஒரு தடவை 15 நிமிஷம் லோடு போட்டு ஓட்டறேன், காந்தமும் தூங்காது, நாசிலும் அடைக்காது. கோழிக்குத்தான் இடம் போச்சு. கஜா அப்ப மொத்தத் தெருவுக்கும் தண்ணி குடுத்தது எதுன்னு கேட்டீங்கன்னா அது கோயில் பக்கத்து அடிபம்புதான், டீசலும் இல்ல, ஹெர்ட்ஸும் இல்ல. அதுல வாஷர் போயி ரெண்டு வருஷமா காத்து வாங்கிட்டு நிக்குது, அடுத்த மழைக்கு முன்னாடி மாத்தணும்னு மச்சான்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்.